தொழில் மந்திரி கையெழுத்தும் சேரிக்காரன் வேலையும்

மத்திய தொழில் மந்திரி யாருன்னு சேரியில் கேட்டால் யாருக்கும் தெரியாது. தாசில்தாரைத் தெரியும், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரைத் தெரியும். ஆனால் முகம் தெரியாத அந்த மந்திரி போட்ட கையெழுத்தில்தான் நம்ம பிள்ளைகளுக்கு வேலை வந்தது. அதே நாற்காலியில் போட்ட இன்னொரு கையெழுத்தில் வந்த வேலை போனது. ஆதிதிராவிடர் நலத்துறை வாசலோடு நம்ம அரசியல் நின்றுவிடுகிறது. ஹாஸ்டல் சோறு, ஸ்காலர்ஷிப், தொகுப்பு வீடு. இதெல்லாம் வேணும்தான். ஆனா நாட்டின் ஆலையும் இயந்திரமும் யார் கையில் என்று தீர்மானிக்கிற இலாகாவைப் பற்றி நாம பேசுவதே இல்லை. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் 'தொழில்' என்றால் இரண்டு அர்த்தம். பறையடிப்பதும் செத்த மாட்டை அறுப்பதும் மலக்குழியில் இறங்குவதும் தொழில். இரும்பு உருக்குவதும் தொழில். முதல் தொழிலைப் பிறப்பிலேயே தலையில் கட்டிவிட்டார்கள், அதுக்கு மந்திரி தேவையில்லை. இரண்டாவது தொழிலுக்கு மட்டும் லைசென்ஸ், கடன், மந்திரி.

1947க்குப் போவோம். அந்த ஆண்டு அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தை எழுதினார். அடிப்படைத் தொழில்கள் அரசுக்குச் சொந்தம், அதை அரசே நடத்தணும். இதை அரசியல் சட்டத்திலேயே எழுதணும் என்றார். ஏன் சட்டத்தில்? இன்றைக்கு ஒரு மெஜாரிட்டி கொண்டு வந்ததை நாளைக்கு இன்னொரு மெஜாரிட்டி கலைத்துவிடும் என்பதால். லண்டனில் ரூபாயைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய பொருளாதாரக்காரர் அவர். நேரு அமைச்சரவையில் அவருக்குக் கிடைத்தது சட்ட இலாகா. திட்ட இலாகா தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்று 1951இல் ராஜினாமா செய்தபோது அவரே சொன்னார். ஜெகஜீவன்ராமுக்குத் தொழிலாளர் இலாகா. தொழில் இலாகா? அது இந்து மகாசபைத் தலைவர் சியாமா பிரசாத் முகர்ஜிக்கு. தொழிலாளி நம்ம ஆள், தொழில் அவங்க ஆள்!

முகர்ஜி காலத்தில், 1948 ஏப்ரலில், முதல் தொழில் கொள்கைத் தீர்மானம் வந்தது. 1956 ஏப்ரலில் இரண்டாவது. 17 தொழில்கள் அரசுக்கே என்றது அது. இரண்டுமே வெறும் தீர்மானம். அரசியல் சட்டம் அல்ல. அம்பேத்கர் எது கூடாது என்றாரோ அதுவே நடந்தது.

1952 முதல் 1956 வரை வணிக, தொழில் மந்திரி நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, 1928லேயே சொந்த வியாபாரக் கம்பெனி தொடங்கியவர். அதே காலத்தில், 1953இல், சென்னையில் ராஜாஜி என்ன செய்தார்? பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழிலைப் பழகு என்றார். ஒரு அய்யங்கார் டெல்லியில் ஆலைக்கு லைசென்ஸ் தருகிறார். இன்னொரு அய்யங்கார் சென்னையில் நம்ம பிள்ளைக்குக் குலத்தொழிலை எழுதித் தருகிறார். இதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. போராட்டம் வெடித்து 1954இல் குலக்கல்வி ஒழிந்தது. லைசென்ஸ் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் யாரும் தெருவுக்குக் கொண்டு வரவில்லை.

1951இல் போட்ட தொழில் சட்டப்படி பெரிய ஆலை வைக்க டெல்லியின் லைசென்ஸ் வேணும். பெரிய முதலாளி குடும்பங்களை அடக்கத்தான் லைசென்ஸ் என்றார்கள். ஆனா 1969இல் அரசே போட்ட தத் கமிட்டி என்ன சொன்னது? பெரிய குடும்பங்களே லைசென்ஸை அள்ளிக்கொண்டன என்றது. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. யாருக்கு ஜாமீன் போட ஆள் இருக்கோ அவனுக்குத்தான் கடன். யாருக்கு டெல்லியில் ஆள் இருக்கோ அவனுக்குத்தான் லைசென்ஸ்.

இருந்தாலும் அந்தத் தீர்மானங்களால் நமக்கு ஒன்று கிடைத்தது. அரசு ஆலை என்றால் இடஒதுக்கீடு உண்டு. திருச்சி பெல், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மாதிரி ஆலைகளில் நம்ம ஆட்கள் யூனிபார்ம் போட்டு உள்ளே போனார்கள். குவார்ட்டர்ஸில் சாதி இந்து வீட்டுக்குப் பக்கத்து வீடு. பி.எஃப்., கிராஜுவிட்டி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். எங்க கவுண்டருக்குப் பாஸ்புக்கோடு முதலில் வந்த தலித்துகளில் பெரும்பாலானவர்கள் அரசுச் சம்பளக்காரர்கள்தான். அங்கேயும் தீண்டாமை இருந்தது, பிரமோஷனை அமுக்கினார்கள். ஆனா பண்ணையார் முன்னால கைகட்டி நிற்க வேண்டாம் என்ற நிலையை அந்தச் சம்பளம் தந்தது.

1991 ஜூலை 24. தொழில் இலாகாவைப் பிரதமர் நரசிம்மராவே வைத்திருந்தார். அன்றைக்கு நாடாளுமன்றத்தில் புதிய தொழில் கொள்கையை மேசைமேல் வைத்தவர் ராஜாங்க மந்திரி. 17 என்பது 8 ஆனது. பிறகு அந்த எட்டும் தேய்ந்தது. பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்சே வேண்டாம் என்றார்கள். சாயங்காலம் மன்மோகன்சிங் பட்ஜெட் படித்தார், பத்திரிகைகள் பட்ஜெட்டைத்தான் கொண்டாடின. இடஒதுக்கீட்டை ஒழிக்கிறோம் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமென்ன? ஒதுக்கீடு இருக்கிற இடத்தைச் சுருக்கினால் போதுமே! மண்டலுக்கு எதிராகத் தெருவில் தீக்குளித்தவர்களால் முடியாததை ஒரு மேசைத்தாள் செய்தது.

1996இல் மறுபடி நம்ம ஊர்க்காரர். முரசொலி மாறன் தொழில் மந்திரி. சமூக நீதி பேசிய இயக்கம். அந்த ஆகஸ்டில்தான் அவர் அமைச்சகத்தின் கீழ் பொதுத்துறைப் பங்குகளை விற்க யோசனை சொல்லும் கமிஷன் போடப்பட்டது. அய்யங்கார் போய்த் திராவிடர் வந்தாலும் கோப்பு ஒரே திசையில்தான் நகர்ந்தது. 1991இல் மத்திய அரசு நிறுவனங்களில் ஏறத்தாழ 22 லட்சம் பேர் இருந்தார்கள். 30 வருஷத்தில் நிரந்தர வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. ஊட்டி பிலிம் ஆலை மூடியே போனது. மீதி ஆலைகளில் ஒப்பந்தக்காரன் ஆள் எடுக்கிறான். அவனுக்கு ரோஸ்டர் கிடையாது.

'பொதுத்துறை நஷ்டம், அதான் விற்கிறோம்' என்பார்கள். நஷ்டக் கம்பெனியை யார் வாங்குவான்? லாபம் தருவதைத்தானே முதலில் ஏலம் போட்டார்கள்! 'தலித் ஒருவர் தொழில் மந்திரியானால் சரியாகும்' என்று நம்மவர்களே சிலர் சொல்கிறார்கள். ஆகியிருக்கிறார். 1966 ஜனவரியில் தாமோதரம் சஞ்சீவய்யா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், ஏறத்தாழ ஓராண்டு. ஆந்திராவின் முதல் தலித் முதல்வராக இருந்தவர். அவரை நான் மதிக்கிறேன். ஆனா ஆள் மாறினால் போதாது. இரவல் நாற்காலியைக் காட்டி நம்மை ஏமாற்ற முடியும். சட்டத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது.

2004இல் தனியார் துறையில் ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம் என்று குறைந்தபட்சத் திட்டத்தில் எழுதினார்கள். முதலாளி சங்கங்கள் சட்டம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று 2006இல் நடத்தை விதி எழுதிக்கொண்டன. விருப்பப்பட்டால் செய்யலாம், இல்லையென்றால் விடலாம். விருப்பப்பட்டு எந்த சாதி இந்து தன் கிணற்றைத் திறந்துவிட்டான்?

தீர்மானமாக வந்தது தீர்மானத்தால் போனது. நடத்தை விதியாக வருவது காற்றில் போகும். ஆகவே கேட்பதைச் சட்டமாகக் கேட்போம். அரசு நிலம், அரசு வங்கிக் கடன், வரிச்சலுகை வாங்குகிற ஒவ்வொரு தனியார் ஆலையிலும் இடஒதுக்கீடு. ஒப்பந்த வேலையிலும் ரோஸ்டர். இரண்டையும் அரசியல் சட்டத்தில் எழுது. இனி ஓட்டுக் கேட்டு சேரிக்கு வருகிறவனிடம் தொகுப்பு வீட்டோடு இதையும் கேளுங்கள். பதில் சொல்லாதவனை ஊருக்குள் விடாதீர்கள்.