சேனல் வாங்க நாமே போனால் என்ன?

பழைய கதவுப் பலகையில் என் கணவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் மேஜை செய்தார். கீபோர்டு வைக்கும் இழுப்புத் தட்டுக்கு மட்டும், "ரெண்டு பக்கமும் ரீப்பர் அடிச்சா போதும், சேனல் தண்டச் செலவு" என்று விட்டார். மழைக்காலத்தில் கட்டை உப்பி, தட்டு நகரவேயில்லை. மகள் வெடுக்கென்று இழுக்க, தட்டு அப்படியே அவள் முழங்காலில் விழுந்தது. நாலு நாள் நொண்டினாள்.

அப்புறம் நானே இன்ச் டேப்போடு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "சாரை அனுப்புங்கம்மா" என்றார் கடைக்காரர். விடுவேனா? பால் பேரிங் வைத்த டெலஸ்கோப்பிக் சேனல், 14 இன்ச், ஒரு ஜோடி கேட்டு வாங்கினேன். இது பக்கத்துக்கு அரை இன்ச் இடம் பிடிக்கும். அதனால் தட்டு, மேஜையின் உள் அகலத்தைவிட சரியாக 1 இன்ச் குறைவாக இருக்கணும். கூடினால் இறுகும், ரொம்பக் குறைந்தால் கழன்றுவிடும். முக்கால் இன்ச் பலகைக்கு அரை இன்ச் ஸ்க்ரூ போதும். 1 இன்ச் போட்டால் முனை மறுபக்கம் வந்து புடவையைக் கிழிக்கும்! தட்டு தொடையில் இடிக்கிறதா என்று உட்கார்ந்தும் பார்த்துக் கொண்டேன்.

தினமும் இழுப்பதும் துடைப்பதும் நாம்தானே, தோழிகளே? அளவும் நாமே எடுப்போமே. இப்போது அலமாரி டிராயருக்கும் சேனல் போடலாம் என்கிறார் அவர். போடலாம், கடைக்கு நான்தான் போவேன்.