மலையின் பெயர் மட்டும் போதுமா?

கடந்த வாரம் என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி தேயிலைப் பெட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வந்தாள். "உயர்மலைத் தேயிலை, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் மிகுந்தது" என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் வழக்கமாக வாங்கும் தேயிலையைவிட மூன்று மடங்கு விலை. "பாட்டியின் உடம்புக்கு நல்லது என்று அம்மா வாங்கினார். இது உண்மையா டீச்சர்?" என்று கேட்டாள்.

மாணவர்களே, நீங்களும் இப்படிக் கேட்டுப் பழக வேண்டும்.

விளையும் இடம் தேயிலையின் வேதியியலை மாற்றும் என்பது உண்மை. தேயிலைத் துளிரில் கேட்டச்சின் எனும் பாலிஃபீனால்கள் நிறைந்துள்ளன. இவை எதிர்ப்பொருளாகச் செயல்படக் கூடியவை. வெயில் கூடினால் செடி இவற்றை அதிகம் உருவாக்கும், நிழலில் குறையும். குளிர்ந்த மலையில் துளிர் மெதுவாக வளரும், மணம் கூடும். இலங்கையில் 1,200 மீட்டருக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்றும், 600 மீட்டருக்குக் கீழ் விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்றும் பிரிக்கிறார்கள். உயரமான நுவரெலியாவின் தேநீர் வெளிர் நிறமும் நறுமணமும் கொண்டது. தாழ்நிலத் தேநீரோ நிறம் அடர்ந்து, திடமாக இருக்கும்.

அப்படியானால் மலை உயர உயர எதிர்ப்பொருளும் உயருமா? இதைத்தான் நான் ஏற்கவில்லை. அஸ்ஸாம் தேயிலை பெரும்பாலும் தாழ்வான ஆற்றுச் சமவெளியில் விளைகிறது; ஆனால், அதன் பெரிய இலை வகையில் கேட்டச்சின் பொதுவாகவே அதிகம். டார்ஜிலிங் மலையிலோ சிறிய இலை கொண்ட சீன வகை பரவலாக உள்ளது. ஆக, உயரத்தோடு செடியின் வகையும் மாறிவிடுகிறது.

அடுத்தது தொழிற்சாலை. இலையைச் சுருட்டி நசுக்கும்போது ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையுடன் கேட்டச்சினின் பெரும்பகுதியைத் தியாஃப்ளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாற்றுகிறது. தேநீரின் பொன்னிறமும் செந்நிறமும் இவற்றால் வருபவை. இதற்கு எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே தோட்டத்து இலையின் வேதியியலும் வேறுபடும்.

மிகுதியாக இருந்தால் நன்மையும் மிகுதி என்பதும் சரியல்ல. சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடலில் அப்படியே நடப்பதில்லை. இதே பாலிஃபீனால்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, உடல் அதை ஏற்பதைக் குறைக்கின்றன. பாட்டிக்கு இரத்தச்சோகை இருந்தால், சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமலிருப்பதே முதல் உதவி. அந்தத் தேநீரில் கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றினால், மலையைவிடச் சீனியைப் பற்றித்தான் நாம் முதலில் கவலைப்பட வேண்டும்.

மணத்துக்காக அந்தப் பெட்டியை வாங்கினால் எனக்கு மறுப்பில்லை. மருந்தாக நினைத்து வாங்குவதானால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு இருக்கிறது? எப்படி அளந்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? அந்தப் பெட்டியில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

வைட்டமின் சி சோதனையில் பயன்படுத்தும் டிசிபிஐபி கரைசலின் நீல நிறத்தை, நீர் சேர்த்த தேநீரும் போக்கும். அடுத்த வாரம் அந்த மாணவியின் தேயிலையையும் கேமரன் மலைத் தேயிலையையும் சோதிக்கப் போகிறோம். தேயிலையின் எடை, நீரின் வெப்பநிலை, ஊறும் நேரம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். முடிவு அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றி மட்டுமே பேசும். எல்லா மலைகளையும் பற்றி அல்ல. அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.