அவர்கள் தோண்டிய கிணறு



அணைக்கு ஊரை விட்டுக்கொடுக்க மறுத்தவர்கள், தண்ணீரை விலைப்பொருளாக்கியதை எதிர்த்தவர்கள் எனப் பல நாட்டு மக்கள் இந்த இதழ் முழுக்க நிறைந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் பேச நினைப்பது பொலிவியாவின் கோச்சபம்பாவைப் பற்றி மட்டும்.

மலை சூழ்ந்த நகரம் அது. சுரங்க வேலை பறிபோனவர்களும் கிராமத்தை விட்டுப் பிழைக்க வந்தவர்களும் அதன் தெற்குப் பகுதியில் குடியேறினார்கள். நகராட்சிக் குழாய் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. தெருவுக்குத் தெரு குழு அமைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டுக் கிணறு இறக்கினார்கள். மேட்டில் தொட்டி கட்டி, குழாய் பதிக்கத் தாங்களே பள்ளமும் வெட்டினார்கள்.

1999 செப்டம்பரில் அரசு நகரின் குடிநீர் விநியோகத்தை 40 ஆண்டுகளுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அதன் பெயர் அகுவாஸ் தெல் துனாரி. அதன் பின்னால் இருந்தது அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம். தொடர்ந்து வந்த 2029ஆம் எண் சட்டத்தால் மக்கள் வெட்டிய கிணறுகளும் அந்த நிறுவனத்தின் பிடிக்குள் போகும் நிலை வந்தது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத இடம் இதுதான். ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுக்காதவர், ஊரார் வியர்வை சிந்தித் தோண்டிய கிணற்றுக்கு எப்படி உரிமை கொண்டாட முடியும்?

2000 ஜனவரியில் புதிய கட்டண ரசீதுகள் வந்தன. மாதக் குறைந்தபட்ச ஊதியம் 70 டாலரைக்கூடத் தொடாத நாட்டில், சில குடும்பங்கள் தண்ணீருக்கு 20 டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது. நகரம் கொதித்தெழுந்தது. ஆனால் பாசன விவசாயிகள் அதற்கு முன்பே சாலையை மறித்துவிட்டார்கள். காலணித் தொழிற்சாலைத் தொழிலாளியான ஆஸ்கர் ஒலிவேராவும் அவர்களும் தெற்குப் பகுதி மக்களும் ஒரே கூட்டமைப்பாகத் திரண்டிருந்தார்கள். மார்ச்சில் அவர்களே நடத்திய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 50,000 பேர் வாக்களித்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார்கள். அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரல் 8 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அன்றே 17 வயது விக்டர் ஹூகோ தாசா சுட்டுக் கொல்லப்பட்டான். அடுத்த சில நாள்களில் நிறுவனம் வெளியேறியது, சட்டமும் திருத்தப்பட்டது. நிறுவனம் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு 2006இல் வெறும் 2 பொலிவியானோவுக்குச் சமரசமானது.

இந்த இடத்தில் வெற்றி என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது அந்த மக்களுக்கு நியாயமாகாது. விநியோகம் பொது நிறுவனத்தின் கைக்குத் திரும்பிய பிறகும் தெற்குப் பகுதியின் பல தெருக்களுக்குக் குழாய் வரவில்லை. லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி டிரம்மில் நிரப்பி வைத்தார்கள். குழாய் உள்ள வீடுகளைவிட அதிகம் செலவழித்தார்கள். பழைய தெருக் குழுக்கள் 2004இல் மீண்டும் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தன. சாலை மறியலைவிட நீண்டது இந்த வேலை. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாகப் பேசாததால்தான் இங்கே சொல்கிறேன்.

உங்கள் ஊரிலும் பலர் சேர்ந்து வெட்டிய கிணறோ, முறை வைத்துப் பாய்ச்சும் வாய்க்காலோ இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். யார் பணம் போட்டார்கள், யார் கணக்கு வைத்தார்கள், மோட்டார் அறைச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதுவரை எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்