கூறு போட முடியாத எண்



பழவேற்காட்டு ஏரிக்கரையில், ஜமீலாபாத்திலோ கோட்டைக்குப்பத்திலோ, மீன் விற்கும் தாய்மார்கள் கூறு வைப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏரியில் வலையிடும் இடங்களையே ‘பாடு’ என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர்களுக்குச் சமமாகப் பிரிப்பது புதிதன்று. 12 மடவை மீன்கள் இருந்தால் இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நந்நான்காக, ஆறாறாகக் கூறு வைக்கலாம். 13 மீன்கள் இருந்தாலோ, எல்லாவற்றையும் ஒரே கூறாக வைக்க வேண்டும். அல்லது ஒவ்வொன்றாக விற்க வேண்டும். இத்தகைய எண்ணையே பகா எண் என்கிறோம். இவற்றுக்கு முடிவே இல்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார்.

ஓர் எண் பகா எண்தானா என்று அறிவது எவ்வாறு? பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஓர் அழகிய விதியைக் கண்டார். பகா எண் ஒன்றுக்கு முந்திய எண்கள் அனைத்தையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், அத்தொகை அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 7-ஐ எடுத்துக்கொள்வோம். 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்று கூட்ட 721. அது 7 × 103. பகா எண் அல்லாத 6-க்கு இது பொருந்தாது. 121-ஐ 6-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். ஐரோப்பாவில் இவ்விதி 1770-இல்தான் வில்சன் பெயரால் அச்சேறியது.

ஆயினும் பெரிய எண்களுக்கு இப்பெருக்கலைச் செய்து முடிக்க ஆயுள் போதாது. எந்த எண்ணையும் ஐயத்துக்கிடமின்றி, நியாயமான கால அளவில் சோதிக்கும் முறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் உலகுக்கு அளித்தனர்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண், 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அதன் இலக்கங்கள் 4,10,24,320. நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் ஓயாமல் எழுதினாலும் சுமார் 475 நாட்கள் ஆகும்!

இதனால் நமக்கென்ன பயன் என்கிறீர்களா? 53-ஐயும் 61-ஐயும் பெருக்கி 3233 என்பது எளிது. 3233-ஐ மட்டும் தந்து, அவ்விரு எண்களைக் கேட்டால் திகைப்போம். முந்நூறுக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட இரு இரகசியப் பகா எண்களாயின் இன்றைய கணிப்பொறிகளும் தோற்கும். 1977-இல் மூன்று அறிஞர்கள் உருவாக்கிய இந்தப் பூட்டே வங்கிகளின் இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. இறால் விற்ற பணம் கைப்பேசிக்கு வரும்போது, அதைக் காப்பது இத்தகைய கணக்கே.

ஆனால் சகோதரிகளே, கணிப்பொறியால் திறக்க இயலாத பூட்டை நம் நாவே திறந்துவிடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் இரகசிய எண்ணைக் கூறிவிட்டால், எந்தப் பகா எண்ணும் நம் சேமிப்பைக் காக்காது. இன்றிரவே இதை வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்; 13 மீன்களின் கணக்கைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.