நகத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு விழுக்காடு போடுங்கள்

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை திருத்திய தோல்நோய் ஊனமதிப்பீட்டு விதிகள் 2018 ஆகஸ்ட் 13 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. கால்நகப் பூஞ்சையோடு வரும் படைவீரருக்கு நாம் எழுதும் மருந்துச்சீட்டு இனி இழப்பீட்டு ஆவணமாகவும் படிக்கப்படும். ஆகவே நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

எது சிஸ்டமிக் சிகிச்சை என்ற இழுபறி தீர்ந்ததை வரவேற்கிறோம். பழைய விதியிலிருந்த 'கார்டிகோஸ்டீராய்டு போன்ற' என்ற தொடர் மற்ற மருந்துகளுக்குக் கதவை அடைக்கவில்லை என்று 2016இல் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பூசும் ஸ்டீராய்டு தானாகவே சிஸ்டமிக் ஆகிவிடாது என்று 2017இல் ஃபெடரல் சர்க்யூட் சொன்னது. புதிய விதியில் குழப்பமில்லை: தோல்வழி தருவது டாபிகல், வேறு எவ்வழி தந்தாலும் சிஸ்டமிக்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துக் கால்நகங்களும் கெட்டாலும், பரப்பளவால் மதிப்பீடு பெறத் தேவையான 5 விழுக்காட்டு உடற்பரப்பை எட்டாது. எனவே நகம் மட்டும் கெட்டவரின் மதிப்பீடு முழுக்க மருந்தின் கையில். டெர்பினஃபைன் 12 வாரம் என்றால் சிஸ்டமிக் சிகிச்சைக்கு விதி வைத்த ஆறு வார வரம்பைத் தாண்டி 30 விழுக்காடு. இட்ராகோனசோல் மூன்று பல்ஸ் என்றால் மொத்தமே மூன்று வாரம், 10 விழுக்காடு. ஈரல் கோளாறால் மாத்திரை ஆகாதவர் எஃபினகோனசோலை 48 வாரம் நாள் தவறாமல் பூசினாலும் சுழியம்தான்.

இந்த ஏற்றத்தாழ்வைக்கூடப் பொறுக்கலாம். அந்த நகத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று மதிப்பீட்டு வாய்பாட்டில் ஒரு வரிகூடக் கேட்கவில்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உருக்குலைந்து வரும் நகங்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் கெட்டவை அல்ல. பூட்ஸுக்குள் ஆண்டுக்கணக்கில் இடிபட்ட படைவீரரின் பெருவிரல் நகமும் தடித்து, மஞ்சளித்து, படுகையிலிருந்து தூக்கிக்கொண்டுதான் நிற்கும். மாத்திரை தொடங்குமுன் கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சோதனை, கல்ச்சர் அல்லது நக பயாப்ஸியால் உறுதிசெய்யுங்கள் என்று டெர்பினஃபைன் லேபிளே சொல்கிறது. அமெரிக்கத் தோல்மருத்துவ அகாதமி 2013இல் இதையே வலியுறுத்தியது. சிகிச்சை 'தேவைப்பட்டதா' என்று விதி கேட்கிறது. சோதிக்காமல் தேவையை யார் கண்டார்கள்?

கேஓஹெச் பற்றி நான் புலம்பாத ஆண்டில்லை என்று வாசகர்கள் சிரிப்பது தெரியும். சிரியுங்கள். 1988ஆம் ஆண்டு ஆய்வகச் சட்டத்தின்படி, மருத்துவர் தானே நகத்தூளை நுண்ணோக்கியில் பார்ப்பதற்குக்கூடச் சான்றிதழ் வேண்டும். பார்க்காமலே 84 நாளுக்கு மாத்திரை எழுத எந்தச் சான்றிதழும் வேண்டாம். நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் கேஓஹெச் குப்பி தீர்ந்து மாதக்கணக்காயிற்று. வாங்கித் தரக் கேட்டதற்கு, உபயோகம் குறைவு என்று பதில் வந்தது. குப்பி இல்லாமல் உபயோகம் எப்படிக் கூடும்? கண்ணால் பார்ப்பவனுக்குத் தடை, கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவனுக்கு வெகுமதி: அதிகாரிகள் வகுத்த நியாயம் இது. பூட்ஸில் நசுங்கிய நகத்தோடு, கேஓஹெச் நெகட்டிவ் என்ற உண்மையைக் கையில் வைத்திருக்கும் படைவீரர்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்.

விதி திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சோதனை முடிவும் தேதியும் இல்லாமல் நகத்துக்கு மாத்திரையோ மதிப்பீட்டுச் சான்றோ எழுதாதீர்கள். பூஞ்சை இல்லையென்றால், பூட்ஸ் செய்த காயம் என்று துணிந்து எழுதுங்கள். அலமாரியில் குப்பி காலியாக இருந்தால் சொந்தக் காசில் ஒன்று வாங்கி வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.