வங்கி நம்புவது காரைத்தான்

கோவையில் தொழில் தொடங்கிய கையோடு இரண்டு கடன்களுக்கு அலைகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். ஒன்று மெஷினுக்கு, இன்னொன்று காருக்கு. மெஷின் கடன் கேட்டால் புராஜெக்ட் ரிப்போர்ட், பேலன்ஸ் ஷீட், ஜாமீனுக்குச் சொத்துப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று பட்டியல் நீளும். கார் கடனுக்கோ ஷோரூமிலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். வருமான வரி ரிட்டர்னையும் சிபில் ஸ்கோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாங்ஷன் ஆயிருமுங்க, கலரைச் சொல்லுங்க" என்பார்.

கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் லேத் பட்டறை, பவுண்டரி, பம்ப் உதிரிபாகம் என்று நடத்தும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் நான். கார் கடன் சட்டென்று கிடைத்ததைத் தங்கள் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் வருடா வருடம் என் மேஜைக்கு வருகிறார்கள். வங்கி நம்புவது உங்கள் தொழிலை என்று நினைக்காதீர்கள், அது நம்புவது காரை. டியூ நின்றால் வண்டியை எடுத்துப் போய் ஏலம் விட்டுவிடலாம், ஆர்.சி.யில் எச்.பி. (ஹைபாத்திகேஷன், அதாவது கடனுக்கு ஈடு) என்று ஏறியிருப்பது அதற்காகத்தான். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய மில்லிங் மெஷினை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடன் சீக்கிரம் கிடைப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ சாம்பிள் கொண்டு போகிறவரும், ரிஜெக்ஷன் என்று போன் வந்தால் அன்றே ஓட வேண்டியவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. ஆனால் மெஷின் வாங்கும்போது மாதம் எத்தனை மணி நேரம் ஓடும், மணிக்கு என்ன வரும் என்று குடைந்து கேட்கிற அதே ஆள், கார் என்று வந்தால் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கிறார். முதலில் ஒரு மாதத்துக்கு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், கூட யார் வந்தார்கள், என்ன ஏற்றினீர்கள். மாதத்துக்கு நாலைந்து வெளியூர்ப் பயணம்தான் என்றால் வாடகைக் கார் போதும். வீட்டில் பழைய கார் இருந்தால் ஓர் ஆக்டிங் டிரைவர் போதும். ஏற்றியது பெரும்பாலும் காஸ்டிங்கும் பம்ப் உறையும் என்றால் உங்களுக்குத் தேவை 'குட்டி யானை' வகை வண்டி. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு அந்த வகை வண்டிகள் எத்தனையோ சிறு பட்டறைகளின் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. காரின் டிக்கியில் இரும்பை ஏற்றினால் சஸ்பென்ஷனும் போகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வியும் கேட்பார்.

அடுத்து, என் காதில் அதிகம் விழும் வசனம்: "ஒரு காரை எடுத்துட்டா டேக்ஸ்ல கழிச்சுக்கலாமுங்கல்ல அக்கா?" கழிக்கலாம், ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? கணக்கு இதுதான். காருக்கு வருடத் தேய்மானம் 15 சதவீதம். 10 லட்சம் ரூபாய் காருக்கு முதல் வருடம் 1.5 லட்சம் செலவாகக் காட்டலாம். செஸ்ஸோடு 31.2 சதவீத வரி கட்டும் கூட்டு நிறுவனத்துக்கு மிச்சமாவது 46,800 ரூபாய். அதுவும் வருடத்தில் 180 நாளாவது கார் ஓடியிருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு எடுத்தால் பாதிதான். மார்ச் கடைசியில் "வரியை மிச்சம் பிடிக்க" ஷோரூமுக்கு ஓடுகிறவர் 10 லட்சத்தைச் செலவழித்து அந்த வருடம் 23,400 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்.

தனி உரிமையாளர் என்றால் நிலைமை இன்னும் வேடிக்கை. புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை. வரியே கட்டாதவர் எதை மிச்சம் பிடிப்பார்? இரண்டு கோடிக்குள் விற்றுமுதல் வைத்து அனுமான வருமானத் திட்டத்தில் கணக்குக் கொடுப்பவருக்குத் தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் கட்டும் வரி ஒன்றே.

ஜிஎஸ்டியிலும் இதே மயக்கம். டிரைவரைச் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத பயணிகள் வண்டிக்குக் கட்டிய வரியை, டாக்சி ஓட்டுவது, ஓட்டுநர் பயிற்சி, வண்டி விற்பனை போன்ற தொழிலில் இருப்பவர் தவிர வேறு யாரும் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. அந்தக் காரின் இன்சூரன்ஸுக்கும் ரிப்பேருக்கும் கட்டிய வரியும் அப்படித்தான். மாத வாடகைக்கு லீஸ் எடுத்தாலும் இதே தடை. சரக்கு வண்டிக்கு இந்தத் தடை கிடையாது. குட்டி யானை பற்றி முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எந்தக் கார்? 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசல் என்றால் 1,500 சி.சி. வரை. அதைத் தாண்டினால் 40 சதவீதம். தமிழ்நாட்டில் ஆயுள் கால சாலை வரியும் 2023 நவம்பரில் விலை அடுக்குவாரியாக உயர்த்தப்பட்டது. ஐந்திலிருந்து 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை 18. அதாவது 9.90 லட்சம் ரூபாய் காருக்கு 1,28,700 ரூபாய், 10.10 லட்சம் ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாய். விலையில் வித்தியாசம் 20,000, சாலை வரியில் வித்தியாசம் 53,100. "ஒரு வேரியன்ட் மேலே போயிருங்க சார்" என்று சேல்ஸ்மேன் சொல்லும்போது இதையும் அவரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நம்பகமான கார் எது என்று கேட்டால் என் அளவுகோல் எளிமையானது. ஊரில் வெளி மெக்கானிக்குகளும் பிரித்து மேயத் தெரிந்த கார், உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கும் கார், விற்றால் வாங்க ஆள் இருக்கும் கார். செவர்லே கார்களின் விற்பனை 2017-ல் இந்தியாவில் நின்றது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021-ல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அவை மோசமான கார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கம்பெனி போன பிறகு விற்கப்போன தொழில்காரருக்குக் கிடைத்த விலை வேறு. வேகன் ஆர், டிசையர், டியாகோ, ஆரா போன்றவை கல்யாண மண்டப வாசலில் யார் கண்ணையும் இழுக்காது. பட்டறைக்கு அவைதான் சரி. பாதுகாப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2024-ல் வந்த புதிய டிசையர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சின்னக் கார் என்றாலே தகரம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

என்னைக் கேட்டால் முதல் கார் மூன்று நான்கு வருடம் ஓடிய காராக இருக்கட்டும். விலை அதிகம் விழும் வருடங்களை முதல் உரிமையாளர் ஏற்கெனவே தாங்கியிருப்பார். பதிவு எண்ணைப் போட்டு எம்-பரிவாகன் செயலியில் எச்.பி. இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எச்.பி. இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணமும் போகக் கூடாது. ஃபார்ம் 29, 30-ல் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "அப்புறம் பேரு மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். சென்னைப் பதிவு எண் என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை தேய்மானக் கணக்கில் காரின் விலையாகவே சேராது.

இப்போது கடன். 8 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி. மூன்று வருடம் என்றால் டியூ சுமார் 25,800, மொத்த வட்டி 1.3 லட்சம். ஐந்து வருடம் என்றால் டியூ 17,000, வட்டி 2.2 லட்சம். ஏழு வருடம் என்றால் டியூ 13,300, வட்டி 3.15 லட்சத்துக்கு மேல். சேல்ஸ்மேன் மூன்றாவதைத்தான் காட்டுவார், ஏனென்றால் அதில் டியூ சிறியது. மூன்று வருடத்தில் கட்டி முடிக்க முடியாத கார் புதிய தொழிலுக்குப் பெரிய கார் என்பேன். பழைய கார் கடனில் "எட்டு பர்சென்ட்தானுங்க" என்றால் பிளாட் ரேட்டா என்று கேளுங்கள். 5 லட்சத்துக்கு எட்டு சதவீத பிளாட், நான்கு வருடம் என்றால் டியூ 13,750. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 14 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபரிலிருந்து வங்கியும் என்.பி.எஃப்.சி.யும் இத்தகைய கடன்களுக்குக் கே.எஃப்.எஸ். என்ற விவரத்தாளைத் தந்தாக வேண்டும். பிராசசிங் கட்டணம் எல்லாம் சேர்ந்த ஏ.பி.ஆர். என்ற வருட வட்டி வீதம் அதில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: சி.சி. (கேஷ் கிரெடிட்) லிமிட்டிலிருந்து காருக்கு முன்பணம் எடுப்பது. அது இரும்பு வாங்கவும் சம்பளம் போடவும் வைத்த பணம். சட்டம் 45 நாளில் தரச் சொல்லும் பில்லுக்கு 90 நாள் காத்திருக்கும் ஊர் இது. எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் முன்பணம் லிமிட்டிலிருந்து போனது, பெரிய பார்ட்டி ஒருவர் பில்லை இழுத்தடித்தார். கார் டியூ தவறவில்லை. தவறியது ராமெட்டீரியல் கடைக்காரருக்குத் தர வேண்டியது. அவர் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தியதும் ஆர்டர் கையில் இருந்தும் மெஷின் நின்றது.

யார் பெயரில் வாங்குவது? தனி உரிமையாளருக்கு இந்தக் கேள்வியே இல்லை, பான் ஒன்றுதான். பிரைவேட் லிமிடெட் என்றால் கார், டியூ, பெட்ரோல் பில் மூன்றும் கம்பெனி பெயரிலேயே இருக்கட்டும். கம்பெனி பெயரில் வாங்கினால் கடன் நம் தலையில் விழாது என்று நினைக்க வேண்டாம். இயக்குநரின் சொந்த ஜாமீனைக் கேட்காமல் புதுக் கம்பெனிக்கு யாரும் கொடுப்பதில்லை. பலரும் கவனிக்காத இன்னொன்று: வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கம்பெனி பெயரிலுள்ள காருக்குப் பொருந்தாது, கம்பெனிக்கு உயிர் இல்லையே. ஓட்டும் இயக்குநருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள்.

"பெரிய காரில் போய் இறங்கினால்தான் பார்ட்டி மதிக்கிறான்" என்பார்கள். ரியல் எஸ்டேட்டில் அது உண்மையாக இருக்கலாம். வாகன உதிரிபாகம் வாங்கும் பர்ச்சேஸ் மேனேஜர் பார்ப்பது விலையையும் டெலிவரி தேதியையும் ரிஜெக்ஷன் சதவீதத்தையும்தான். இந்த மூன்றையும் சரி செய்யும் கேஜுக்கும் ஆபரேட்டருக்கும் போக வேண்டிய பணம் டியூவுக்குப் போனால், அந்த மதிப்பு அடுத்த ஆர்டர் வரைகூட நிற்காது.

ஷோரூமுக்குப் போகுமுன் கடைசி ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, வரவு மிகக் குறைவாக இருந்த மாதத்தைத் தேடுங்கள். அந்த மாதத்தில் சம்பளம், கரண்ட் பில், வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் கட்டியபின் கையில் நின்ற தொகை எவ்வளவோ, அதற்குள் டியூவும் பெட்ரோலும் சர்வீஸும் அடங்க வேண்டும். அடங்கினால் தாராளமாக வாங்குங்கள். அடங்காவிட்டால், வங்கி எத்தனை லட்சத்துக்கு சாங்ஷன் கொடுத்திருந்தாலும் அந்தக் கார் இந்த வருடத்துக்கு உரியதல்ல.