மடிப்பும் முடிச்சும் (ஞாயிறு கைவேலை - 9)



ரெண்டு வாரமா லேப், பரீட்சைன்னு ஓடிப்போச்சு. அதுக்கும் சேர்த்து இன்னைக்குக் கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன், பொறுத்துக்கோங்க. புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: நான் ஜப்பான்ல நகோயாவுல முதுகலை படிக்கிற மதுரைப் பொண்ணு. ஞாயித்துக்கிழமை இங்க சாயங்காலம் அஞ்சரைன்னா அங்க மதியம் ரெண்டு. சாப்பாட்டை முடிச்சுட்டு ஊர்ல என் கூட்டாளிங்க மூணு பேரும் வாட்ஸ்அப் வீடியோவுல வந்து உக்காருவாங்க. இங்க நான் பழகின கைவேலையை அங்க சொல்லிக் குடுப்பேன். ஒருத்தி திருமங்கலம் பக்கம் தொடக்கப் பள்ளி டீச்சர். இன்னொருத்தி கைக்குழந்தைக்காரி, பாதி பாடம் தாலாட்டுலயே போயிடும். மூணாவது ஆளு சுங்குடிக்கு முடிச்சுப் போடுற வீட்டுப் பொண்ணு. இந்த வாரக் கதை அவளால வந்தது.

பாடம், செக்கா ஷிபோரி. பனிப்பூன்னு அர்த்தம். துணியை மடிச்சு, ஓரத்தை மட்டும் சாயத்துல தொட்டு எடுத்தா, பிரிக்கும்போது ஆறு இதழ் பூ பூவா விரியும். நகோயாவுக்குள்ளயே மெய்டெட்சு ரயில்ல போனா அரிமட்சுன்னு ஒரு ஸ்டேஷன் வரும். இந்த வேலைக்குப் பேர் போன இடம் அதுதான். எதோவையும் (இன்னைய தோக்கியோ) கியோத்தோவையும் இணைச்ச பழைய தோக்கைதோ சாலை ஓரத்துல 1608-ல குடியேத்தின ஊர். பயிர் பண்ணிப் பிழைக்கத் தோதில்லாத இடம். தாகெதா ஷோகுரோன்னு ஒருத்தரும் கூட வந்தவங்களும் பருத்தித் துண்டைக் கட்டிச் சாயம் போட்டு, வழிப்போக்கர்களுக்கு வித்தாங்க. அதுல பிடிச்சது, இன்னும் விடல. கட்டுற விதமே நூறுக்கு மேல இருக்கு. அந்தக் காலத்துல ஒரு ஆளுக்கு ஒரு விதம்தான். வாழ்நாள் முழுக்க அவங்க அதையேதான் கட்டுவாங்க. 2019-ல அரசாங்கம் இதை ஜப்பான் மரபுச் சின்னங்கள்ல ஒண்ணா சேர்த்துச்சு.

நேரா துணிக்குப் போகாதீங்க. முதல்ல காகிதம். மடிப்பு கைக்கு வர்ற வரைக்கும் காகிதத்துலயே பழகணும், வீணானாலும் காசு போகாது. நம்ம டீச்சரம்மா ஆர்வக்கோளாறுல ஏ4 தாளை மடிச்சு, கேசரிப் பவுடர் கரைச்ச தண்ணில முக்கி, ரெண்டாம் வகுப்புப் பசங்களுக்குக் காட்டியிருக்கா. பூவும் வரல, புண்ணாக்கும் வரல. சாயம் மேலாப்புல திட்டுத் திட்டா நின்னுடுச்சு. அவ தப்பு இல்ல, தாளோட குணம் அப்படி. பேனா மை ஊறாம இருக்கணும்னு எழுதுற தாள்ல ஒரு பசை சேர்த்திருப்பாங்க. அது இல்லாத தாள்தான் நமக்கு வேணும். ஸ்கூல் லேப்ல இருக்கற வடிதாள் பிரமாதம், மெல்லிசான டிஷ்யூ நாப்கினும் ஓகே. பிரிக்கிறப்ப மட்டும் அவசரம் கூடாது. சொட்டச் சொட்டப் பிரிச்சா கிழியும். பாதி காய்ஞ்சதும் பிரிங்க.

துணிக்கும் இதே சங்கதிதான். கடையில வாங்கின புதுப் பருத்தித் துணில கஞ்சி இருக்கும். காகிதத்துல பசை செய்யற அதே வேலையை அது இங்க செய்யும், சாயத்தை உள்ள விடாது. சுடுதண்ணில ரெண்டு தடவை கஞ்சி போகத் துவைச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

அப்புறம் மடிப்பு. துணியை நீளவாக்குல புடவைக் கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமா மடிச்சு, நாலு விரக்கடை அகலப் பட்டையா ஆக்குங்க. அந்தப் பட்டையோட ஒரு முனைல இருந்து, மூணு பக்கமும் சமமான முக்கோணமா மடிச்சுக்கிட்டே போங்க. இதுவும் முன்னும் பின்னுமாதான். சமோசா மாதிரி ஒரே பக்கமா சுத்தினீங்கன்னா உள்ள மாட்டுற அடுக்குக்குச் சாயமே போய்ச் சேராது. மூணு பக்கமும் சமமா இருந்தாத்தான் ஆறு இதழ். சதுரத்தைக் குறுக்க வெட்டின மாதிரி முக்கோணம் போட்டா கட்டம் கட்டமா வரும், அதுவும் அழகுதான். மேலயும் கீழயும் ஒவ்வொரு பலகைத் துண்டு வெச்சு இறுக்கிக் கட்டுங்க. உடைஞ்ச டைல்ஸ் துண்டு கூடப் போதும்.

சாயம் முக்குறதுக்கு முன்னாடி துணி ஈரமா இருக்கணும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. காய்ஞ்ச துணி சாயத்தை ஒரே இழுப்பா நடு வரைக்கும் இழுத்துக்கும், பூ கரியாயிடும். ஈரம் இருந்தா ஓரத்துல மெதுவா, மங்கலாப் பரவும். அந்த மங்கல்தான் செக்காவோட அழகே. ரியாக்டிவ் சாயம்னு கேட்டு வாங்குங்க, பருத்திக்கு அதுதான் நிக்கும், அடுப்பும் வேணாம். லிட்டர் தண்ணிக்கு மூணு டேபிள்ஸ்பூன் சலவை சோடா போட்டு, அதுல துணியை ஊறவெச்சுப் பிழிஞ்சு, அப்புறம் மடிங்க. ஆப்ப சோடா இல்ல, சலவை சோடா! அது இல்லாட்டி சாயம் அடுத்த சலவையிலயே ஓடிடும். மூணு ஓரத்தையும் தொட்டு எடுத்து, பிளாஸ்டிக் கவர்ல ராத்திரி பூரா சுத்தி வெச்சுட்டு, காலைல அலசுங்க. கையுறை போடுங்க, பொடியைக் கரைக்கிறப்ப மூக்கை மூடிக்கோங்க, சமையல் பாத்திரம் பக்கமே போகாதீங்க.

இவ்ளோதான் பாடம். இப்ப கதைக்கு வர்றேன்.

மூணாவது ஆளு கை சுத்தம். ஒரே மதியத்துல ஆறு துப்பட்டா முக்கிட்டா. நீலத்துல ரெண்டு, அரக்குல நாலு. அவங்கம்மா ஒரு சேலைக்கு முடிச்சுப் போட்டு முடிக்க ரெண்டு வாரம் ஆகும். நகத்தால துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுத்தி இறுக்கி, அடுத்த புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல. கண்ணு, கழுத்து எல்லாம் போச்சு. பொண்ணு ஆறு துப்பட்டாவையும் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போயிருக்கா. அவர் பார்த்துட்டு, "சுங்குடின்னு போட்டா ஒண்ணுக்கு முன்னூத்தம்பது தர்றேன். இல்லாட்டி இருநூத்தி இருபது"ன்னு சொல்லிட்டார்.

ஆறு துப்பட்டாவுக்கு 780 ரூபா வித்தியாசம். தம்பிக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். ஞாயித்துக்கிழமை கால்ல வந்து, "என்னடி பண்ணட்டும்?"னு கேக்கறா. குழந்தைக்காரி, "குடுத்துடு, யாருக்குத் தெரியப் போகுது"ன்னா. டீச்சர் கூடாதுன்னா. எனக்குச் சட்டுனு வாய் வரல. இங்க ஸ்காலர்ஷிப்ல உக்காந்துக்கிட்டு நியாயம் பேசறது ரொம்ப சுலபம் இல்லையா?

சுங்குடி புவிசார் குறியீடு வாங்கின பேரு, 2005-லயே. ஆனா கடைத்தெருவுல அந்தப் பேர்ல தொங்குறதுல பாதிக்கு மேல அச்சுதான்னு மதுரைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கட்டின புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அந்த இடத்துல துணி லேசா சுருங்கி நிக்கும். அச்சுப் புள்ளி தட்டையா, எல்லாம் ஒரே அளவு. சீக்கிரம் செய்யறதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. அரிமட்சுக்காரங்களே செக்காவும் போடறாங்க, மாசக்கணக்கா முடிச்சும் கட்டறாங்க. ஆனா ஒண்ணோட பேரை இன்னொண்ணுக்கு வெக்கிறதில்ல.

இதைச் சொல்லலாமா வேணாமான்னு நான் முழிச்சுக்கிட்டு இருக்கறப்ப, அவங்கம்மா பின்னாடி இருந்து கேமராக்குள்ள தலையை நீட்டினாங்க.

"ஏம்மா, அந்த ஊர்ல இதுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல?"

"இருக்கும்மா. செக்கா, பனிப்பூ."

"அப்ப அந்தப் பேரைச் சொல்லியே விக்கச் சொல்லு. முடிச்சே இல்லாததைச் சுங்குடின்னு குடுத்துட்டு, அப்புறம் என் சேலையை என்னன்னு சொல்லி விப்பா?"

பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு. "ஃபீஸுக்கு நீ கட்டுவியா?"னு கேட்டுட்டா. அம்மா பதில் சொல்லல. கொஞ்ச நேரம் யாரும் பேசல, குழந்தை மட்டும் அழுதுச்சு.

கடைக்காரருக்குக் குடுக்கல. டீச்சர் தன் ஸ்கூல்ல சொல்லி, "பனிப்பூ துப்பட்டா"ன்னு 250-க்கு நாலு வித்துக் குடுத்திருக்கா. ரெண்டு இன்னும் பீரோவுலதான் இருக்கு. ஃபீஸுல மிச்சத்துக்கு யார்கிட்டயோ கைமாத்து. இந்த வாரம் கால்ல பொண்ணு எங்கிட்ட சரியாப் பேசல, ஆனா வந்து உக்காந்தா.

பேசினது அம்மாதான். அரிமட்சுல நான் வாங்கின துண்டைக் காட்டச் சொன்னாங்க. மூக்கு ஸ்கிரீன்ல முட்டுற அளவுக்குப் பார்த்தாங்க. மான் தோல் புள்ளி மாதிரி இருக்கற கனோகோவை ஒரே பார்வையில, "இது நம்மளுது மாதிரிதான்"னு தள்ளிட்டாங்க. "இவங்களும் நகத்தாலதான் கிள்றாங்களா?"னு கேட்டாங்க. இல்லம்மா, ஒரு தாங்கில சின்னக் கொக்கி இருக்கும், அதுல துணியை மாட்டிக்கிட்டுச் சுத்துவாங்கன்னேன். "கொக்கி எதுக்கு? நகம் இருக்கறப்ப!"ன்னு சிரிச்சாங்க.

ஆனா சிலந்தி வலை மாதிரி இருக்கற குமோ மட்டும் அவங்களை விடல. துணியை மெல்லிசா கொசுவி, அடியில இருந்து நுனி வரைக்கும் நூலை நெருக்கமா சுத்திக்கிட்டே போறதுன்னு நான் சொல்லி முடிக்கல, கையில இருந்த கைக்குட்டையில பாதி சுத்தியிருந்தாங்க. பக்கத்துல பொண்ணு நூல் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

அடுத்த ஞாயிறு டீச்சர் அவங்க, சுங்குடி முடிச்சு பாடம், மாணவி நான். மல் துணி ஒரு முழம், கெட்டி நூல் ஒரு உருண்டை, அப்புறம் நகம் வெட்டக் கூடாதுன்னு உத்தரவு. நீங்களும் வளர்த்து வைங்க.

வர்ட்டா?